இருபத்து நான்கு குப்பிகள்: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நச்சதிர்ச்சியில் மனித எதிர்ப்பொருள் – ஒரு நிகழ்வு ஆய்வு

தை மாதத்தில் ஒரு விடியற்காலை நாலே கால் மணிக்கு 108 ஆம்புலன்ஸில் அந்த அம்மா எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்து சேர்ந்தார். வயது 54, எடை 60 கிலோ. கோபிசெட்டிபாளையம் பக்கம் வாய்க்கால் பாசனத்தில் மஞ்சள் வைத்திருக்கும் குடும்பம். சர்க்கரை நோய் இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, எந்த மாத்திரையும் சாப்பிடுவதில்லை. குடும்பத்தாரின் ஒப்புதலோடு, அடையாளங்களை மாற்றி இதை எழுதுகிறேன். கிருமியைக் கொல்லும் மருந்து உடலில் இருக்கும்போதே ஆள் இறந்துபோகக்கூடிய நோய் இது. அந்த இடைவெளியில் மனித எதிர்ப்பொருள், அதாவது கிருமியையும் நச்சையும் ஒட்டிப்பிடித்து முடக்கும் ரத்தப் புரதம், என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை மருத்துவர்களும் குடும்பத்தாரும் சேர்ந்தே புரிந்துகொள்ள வேண்டும்.

நான்கு நாள்களுக்கு முன்பு, வெட்டுக்கு முன் மஞ்சள் தழையை அறுத்துக்கொண்டிருந்தபோது, அறுத்த அடிக்கட்டை ஒன்று இடது கெண்டைக்காலில் கீறியிருக்கிறது. ரத்தம்கூடச் சரியாக வரவில்லை. வீட்டு வழக்கப்படி மஞ்சளை அரைத்துப் பூசிவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார். மூன்றாம் நாள் மாலை குளிர்க் காய்ச்சல், இரண்டு முறை வாந்தி, கெண்டைக்காலில் குடைச்சல். அருகிலிருந்த ஒரு சிறு மருத்துவமனையில் தசைப்பிடிப்பு என்று சொல்லி வலிக்கு ஊசி போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த நேரத்தில் தோலில் காட்டுவதற்கு ஒன்றுமே இருந்திருக்காது. ஆனால் வலி ஊசி வலியையும் காய்ச்சலையும் சேர்த்தே மறைத்துவிடும். அந்த மறைப்பில் ஒரு இரவு போய்விட்டது.

வந்தபோது ரத்த அழுத்தம் 76/44, நாடித்துடிப்பு 136, மூச்சு நிமிடத்துக்கு 34. பேச்சு குழறியது. இடது காலில் உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்பான சிவப்பு, வீக்கம். எந்தக் காலும் இப்படித்தான் சிவக்கும் என்று ஒதுக்கிவிடக்கூடிய அளவுதான். ஆனால் சிவப்பு முடிந்த இடத்திலிருந்து நான்கு விரல் மேலே, பார்வைக்கு முற்றிலும் நல்ல தோலாக இருந்த இடத்தில், மெதுவாகத்தான் அழுத்தினேன். அரை மயக்கத்திலிருந்தவர் அலறிவிட்டார். கண்ணுக்குத் தெரிவதைவிட வலி முன்னால் ஓடுகிறது என்றால், நோய் தோலுக்கு அடியில், தசையைப் போர்த்தியிருக்கும் உறையின் வழியாக ஓடுகிறது என்று பொருள்.

சிவப்பின் விளிம்பைச் சுற்றிப் பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் 4.20 என்று நேரம் எழுதினேன். 5.10-க்குத் திரும்பி வந்து பார்த்தபோது சிவப்பு கோட்டைத் தாண்டி இரண்டு விரல் மேலே போயிருந்தது. நடுவில் கருநீலமாக இரண்டு கொப்புளங்கள் எழும்பியிருந்தன. அறுவை மருத்துவரை அழைக்க அதற்கு மேல் எந்தப் பரிசோதனை முடிவுக்கும் நான் காத்திருக்கவில்லை.

முடிவுகள் பின்னாலேயே வந்தன. சிறுநீரகம் தளர்ந்தால் உயரும் கிரியேட்டினின் 3.1. தட்டணுக்கள் 78,000. திசுக்களுக்கு ரத்த ஓட்டம் போதவில்லை என்று காட்டும் லாக்டேட் 6.2. தசை சிதைவதைக் காட்டும் நொதி பல மடங்கு உயர்ந்திருந்தது. வெள்ளணுக்கள் கூடுவதற்குப் பதிலாக 4,200-க்கு இறங்கியிருந்தன.

அவருடைய கணவர் வராந்தாவில் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "ஏனுங்க டாக்டரம்மா, காலில் ஒரு கீறல். அதற்கு எப்படிங்க சிறுநீரகம் போகும்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. இந்த ஆய்வின் மையமே அந்தக் கேள்விதான்.

மடைகள் எல்லாம் ஒரே நேரத்தில்

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீனஸ், அதாவது ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ், நமக்குப் புதிய கிருமி அல்ல. பள்ளிக் குழந்தைகளின் தொண்டை வலியில் இருப்பது இதுதான். முடக்கு வாதக் காய்ச்சலுக்கும், அதன் வழியாக இதய வால்வு பழுதாவதற்கும் காரணம் இதுதான். பெரும்பாலானவர்களுக்கு மூன்று நாள் தொண்டை வலியோடு முடிந்துவிடும். சிலருக்கு மட்டும் அது ஆழத்தில் இறங்கி, சூப்பர் ஆன்டிஜென் எனப்படும் நச்சுப் புரதங்களை ரத்தத்தில் கலக்கிறது.

கணவரிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. எந்த வயலுக்கு முறையோ அந்த மடையை மட்டும் திறக்கிறோம். நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்களும் அப்படித்தான். ஒரு கிருமி நுழைந்தால் அதன் துணுக்கை அடையாளம் காணக்கூடிய செல்கள் மட்டும், பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவில், விழித்தெழும். சூப்பர் ஆன்டிஜென் இந்த முறையை மதிப்பதில்லை. துணுக்கைக் காட்டும் செல்லையும் டி செல்லையும் பக்கவாட்டில் சேர்த்துப் பூட்டிவிடுகிறது. ஐந்தில் ஒரு பங்கு டி செல்கள் வரை ஒரே நேரத்தில் கிளம்பிவிடும். எல்லா மடையையும் ஒன்றாகத் திறந்தால் கரையே உடைந்துபோகும் அல்லவா? டி.என்.எஃப்., இன்டர்லூக்கின் போன்ற அழற்சிப் புரதங்கள் பெருக்கெடுக்கின்றன. ரத்தக் குழாய்கள் கசிகின்றன, அழுத்தம் விழுகிறது, சிறுநீரகமும் நுரையீரலும் கல்லீரலும் அடுத்தடுத்து நிற்கின்றன. கீறல் காலில் இருக்கலாம். உடைவது கரை முழுவதும்.

அவர் தலையசைத்தார். வாய்க்கால் உடைப்பைப் பார்த்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அதே கிருமி ஒருவருக்குத் தொண்டை வலியாகவும் இன்னொருவருக்கு உயிராபத்தாகவும் ஆவது ஏன்? ஒரு பகுதி விடை பிறவியிலேயே இருக்கிறது. திசு வகையைப் பொறுத்துச் சூப்பர் ஆன்டிஜென் ஒட்டும் வலு மாறுகிறது என்றும், சில திசு வகைகள் காப்பாகவும் சில ஆபத்தாகவும் அமைகின்றன என்றும் 2002-இல் வெளியான ஆய்வு காட்டியது. மறு பகுதி அனுபவத்தில் இருக்கிறது. இந்தக் கிருமி தீவிரமாகப் படையெடுத்த நோயாளிகளின் ரத்தத்தில், அதன் மேற்பரப்பில் உள்ள எம் புரதத்துக்கும் நச்சுகளுக்கும் எதிரான எதிர்ப்பொருள் மற்றவர்களைவிடக் குறைவாக இருப்பது மீண்டும் மீண்டும் கண்டறியப்பட்டிருக்கிறது. பக்கத்து வீட்டாருக்கு இருக்கும் ஒன்று இவரிடம் இல்லை. அதைப் பக்கத்து வீட்டாரிடமிருந்தே வாங்கிக் கொடுத்தால் என்ன என்பதுதான் எதிர்ப்பொருள் சிகிச்சையின் அடிப்படை.

கத்தி முதலில்

எதிர்ப்பொருளைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். செத்த திசு உள்ளே இருக்கும்வரை எந்த மருந்தாலும் பயன் இல்லை. அங்கே ரத்த ஓட்டமே இல்லை, மருந்து போய்ச் சேராது.

காலை ஏழு மணிக்கு அறுவை அரங்கில் கெண்டைக்காலில் இரண்டு அங்குலம் கீறினார்கள். சீழ் வரவில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீரைப் போலக் கலங்கிய சாம்பல் நிறத் திரவம் வழிந்தது. வெள்ளையாக, கெட்டியாக, விரலை விடாமல் பிடிக்க வேண்டிய தசையுறை மங்கிப்போயிருந்தது. அறுவை மருத்துவர் சுட்டுவிரலை உள்ளே விட்டு மேலே தள்ளினார். ஈரத் துணியைப் பிரிப்பதுபோல, தடையே இல்லாமல், முழங்கால்வரை விரல் போனது. அதைப் பார்த்த எவரும் மறக்க மாட்டார்கள். கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு மேல்வரை திறந்து, செத்ததை எல்லாம் நீக்கினார்கள். அந்தத் திரவத்தில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயம் ஏற்றிப் பார்த்த ஆய்வக ஊழியர் தொலைபேசியில் சொன்ன முதல் சொல்: "சங்கிலி." ஊதா நிற மணிகளைக் கோத்ததுபோன்ற சங்கிலி. 36 மணி நேரம் கழித்து ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று வளர்ப்புச் சோதனை உறுதி செய்தது. குறைந்த ரத்த அழுத்தம், சிறுநீரகப் பாதிப்பு, தட்டணுக் குறைவு, திசு அழுகல், ஆழ்திசுவில் கிருமி. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நச்சதிர்ச்சி என்று சொல்ல எல்லா நிபந்தனைகளும் நிறைவேறின. இந்த நிலைக்கு வந்தவர்களில் பத்துக்கு மூன்று பேராவது இறப்பதைத்தான் பல நாட்டுப் பதிவுகள் காட்டுகின்றன. சில பதிவுகளில் பாதிக்கு மேல்.

வந்த அரை மணி நேரத்துக்குள் பரந்த அளவில் வேலை செய்யும் மருந்துகளோடு கிளிண்டமைசினும் தொடங்கியிருந்தோம். கிருமி உறுதியானதும் பென்சிலினும் கிளிண்டமைசினும் மட்டும், பென்சிலினின் அளவைச் சிறுநீரக நிலைக்கு ஏற்பக் குறைத்து. பென்சிலினை எதிர்த்து நிற்கும் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மருத்துவத்தில் இதுவரை தலையெடுக்கவில்லை. அப்படியானால் பென்சிலின் மட்டும் ஏன் போதாது? அது செல்சுவர் கட்டப்படும்போதுதான் கிருமியைக் கொல்லும். கிருமிகள் கோடிக்கணக்கில் நெருங்கிப் பெருகுவதை நிறுத்திவிட்டால், கொல்லப் பிடியில்லை. 1950-களிலேயே ஹாரி ஈகிள் எலிகளில் காட்டிய உண்மை இது. கிளிண்டமைசின் வேறு வழியில் போகிறது. கிருமியின் புரதத் தொழிற்சாலையை நிறுத்துகிறது. புதிதாக நச்சு தயாராவது நிற்கும்.

ஆனால் ஏற்கெனவே ரத்தத்தில் கலந்துவிட்ட நச்சு? அதைப் பென்சிலினும் தொடாது, கிளிண்டமைசினும் தொடாது. அதைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டு செயலிழக்க வைக்க எதிர்ப்பொருளால்தான் முடியும்.

குப்பிகள் வந்த கதை

பிறர் ரத்தத்தின் எதிர்ப்பொருளால் நோய் தீர்க்கும் எண்ணம் பழையது. 1890-இல் பேரிங்கும் கிட்டசாட்டோவும் தொண்டை அடைப்பான், இசிவு நோய் நச்சுகளுக்கு எதிராக விலங்குகளின் ரத்தநீரில் காப்பு உருவாவதைக் காட்டினார்கள். இதே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் உண்டாக்கும் செங்காய்ச்சலுக்கு 1920-களில் ஜார்ஜ், கிளாடிஸ் டிக் தம்பதியின் கண்டுபிடிப்பைத் தொடர்ந்து குதிரை ரத்தநீர் கொடுத்தார்கள். பலன் இருந்தது, குதிரைப் புரதத்தால் வரும் ஒவ்வாமையும் இருந்தது. பென்சிலின் வந்ததும் அந்தப் பாதை தூர்ந்துபோனது.

இன்று கொடுப்பது மனித எதிர்ப்பொருள். குறைந்தது ஆயிரம் பேர், பெரும்பாலும் அதைவிட மிக அதிகமானோர் கொடுத்த பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து ஐ.ஜி.ஜி. வகை எதிர்ப்பொருளை மட்டும் பிரித்து, வைரஸ்களை அழிக்கும் படிகளைத் தாண்டி வரும் திரவம். அத்தனை பேரில் பலர் எப்போதோ இந்தக் கிருமியால் தொண்டை வலி கண்டவர்கள். அவர்களுடைய நினைவு அந்தக் குப்பியில் இருக்கிறது. எம் புரதத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு, நம் நாட்டில் அவற்றில் மிகப் பல புழங்குகின்றன. ஒருவருடைய ரத்தம் எல்லா வகையையும் அறிந்திருக்காது. ஆயிரம் பேருடைய ரத்தம் அறிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அளவு: முதல் நாள் கிலோவுக்கு 1 கிராம், அடுத்த இரண்டு நாள்களுக்கு அரை கிராம் வீதம். இந்த அம்மாவுக்கு 60, 30, 30 கிராம். 5 கிராம் குப்பியாக 24. எங்கள் மருந்தகத்தில் அன்று இருந்தவை நான்கு. குப்பி ஒன்றே பல ஆயிரம் ரூபாய் என்பதை மறைக்காமல் சொன்னேன். கணவர் நகைக் கடன் பற்றிப் பேச ஆரம்பித்தார். காப்பீட்டு அனுமதிக்கான தாள்களை ஒரு செவிலியர் நிரப்பத் தொடங்க, நோயாளியின் தம்பி மகன் கோயம்புத்தூருக்குக் கார் எடுத்துக்கொண்டு போனார். நூறு கிலோமீட்டர். மதியம் ஒன்றே முக்காலுக்கு, பனிக்கட்டிப் பொதிகளுக்கு நடுவே குப்பிகள் அடுக்கிய தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்தபடி திரும்பி வந்தார்.

ஏற்றுவதில் பொறுமை வேண்டும். குளிரிலிருந்து எடுத்த குப்பி அறை வெப்பத்துக்கு வர வேண்டும். குலுக்கக் கூடாது, குலுக்கினால் நுரைத்துவிடும். முதல் அரை மணி நேரம் மணிக்கு 30 மில்லிலிட்டர் வேகத்தில், பக்கத்திலேயே நின்று பார்த்தோம். பிறகுதான் வேகத்தைக் கூட்டினோம். ஐ.ஜி.ஏ. எதிர்ப்பொருள் பிறவியிலேயே இல்லாதவர்களுக்குக் கடும் ஒவ்வாமை வரலாம். சிறுநீரகம் இன்னும் கெடலாம், ரத்தம் உறையலாம். சர்க்கரை சேர்த்து நிலைப்படுத்திய தயாரிப்பைச் சிறுநீரகம் பழுதானவருக்குத் தவிர்ப்பது நல்லது. முதல் துளிக்கு முன் ஒரு சிறு குழாய் ரத்தநீரை எடுத்து உறைபெட்டியில் வைக்கச் சொன்னேன். அந்தக் குழாய் பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

என்ன தெரியும், எந்த அளவுக்கு

அன்று நண்பகல் ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் நார்அட்ரினலின் மருந்து கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.5 மைக்ரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை 0.28. மூன்றாம் நாள் காலை 0.08. நான்காம் நாள் நிறுத்தினோம். இதைக் குப்பியின் வெற்றி என்று எழுதிவிட ஆசைதான். எழுத மாட்டேன். அதே நேரத்தில் கத்தியும் வேலை செய்தது, கிளிண்டமைசினும் வேலை செய்தது. ஒரே நோயாளியை வைத்து மூன்றையும் பிரிக்க முடியாது.

சோதனைகள் என்ன சொல்கின்றன? 1999-இல் வெளியான கனடா ஆய்வில் எதிர்ப்பொருள் பெற்ற 21 பேரை, பெறாத 32 பேரோடு ஒப்பிட்டார்கள். முப்பது நாளில் பிழைத்திருந்தவர்கள் பெற்றவர்களில் 67 சதவீதம், பெறாதவர்களில் 34 சதவீதம். ஆனால் ஒப்பிடப்பட்டவர்கள் முந்தைய ஆண்டுகளின் நோயாளிகள், மற்ற சிகிச்சையும் மாறியிருந்தது. ஐரோப்பாவில் தொடங்கிய குலுக்கல் முறைச் சோதனை ஒன்று போதிய நோயாளிகள் சேராமல் 21 பேரோடு நின்று, 2003-இல் வெளியானது. எதிர்ப்பொருள் பெற்ற பத்துப் பேரில் ஒருவரும், பெறாத பதினொரு பேரில் நால்வரும் இறந்தனர். அத்தனை சிறிய எண்ணிக்கையில் அந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். 2014-இல் ஸ்வீடனிலிருந்து 67 பேரின் பதிவு: பெற்றவர்களில் 87 சதவீதம், பெறாதவர்களில் 50 சதவீதம் பிழைத்தார்கள். டென்மார்க்கில் தசையுறை அழுகல் நோயாளிகள் நூறு பேரில் நடந்து 2017-இல் வெளியான சோதனை எந்தப் பலனையும் காட்டவில்லை. ஆனால் அங்கே எல்லா வகைக் கிருமியும் கலந்திருந்தது, கொடுத்த அளவு நாளுக்கு 25 கிராம்தான். கிளிண்டமைசினும் பெற்ற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நச்சதிர்ச்சி நோயாளிகளை மட்டும் தொகுத்துப் பார்த்த 2018-ஆம் ஆண்டு ஆய்வில், எதிர்ப்பொருள் பெறாதவர்களில் 33.7 சதவீதமாக இருந்த இறப்பு பெற்றவர்களில் 15.7 சதவீதமாகக் குறைந்திருந்தது.

என் தீர்ப்பு இது: தசையுறை அழுகல் என்றாலே எதிர்ப்பொருள் என்று ஓடக் கூடாது. சங்கிலிக் கிருமி, அதிர்ச்சி, சீக்கிரம் என்ற மூன்றும் சேர்ந்தால் கொடுக்க வேண்டும். குப்பிக்காகக் கத்தி ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. வீட்டை அடகு வைத்துத்தான் வாங்க முடியும் என்றால், சான்று இந்த அளவுதான் என்று குடும்பத்துக்குச் சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது.

கிருமியும் சும்மா இருப்பதில்லை. எதிர்ப்பொருளை நடுவில் வெட்டிப் போடும் நொதி ஒன்றை அது சுரக்கிறது. எதிர்ப்பொருளின் சர்க்கரைச் சங்கிலியை மழித்துவிடும் இன்னொரு நொதியும் உண்டு. முதல் நொதியையே மருந்தாக்கி, சிறுநீரக மாற்றுக்குத் தடையாக இருக்கும் எதிர்ப்பொருளை அகற்ற ஐரோப்பாவில் 2020-இல் அனுமதித்தார்கள் என்பது இந்தத் துறையின் அழகான திருப்பங்களில் ஒன்று. கிருமி வெட்ட வெட்ட, வெளியிலிருந்து நிறையக் கொடுப்பதற்கு அதனாலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆயிரம் பேரின் கலவைக்குப் பதிலாக, குணமான ஒருவரிடமிருந்து சரியான ஒரே எதிர்ப்பொருளைத் தேடி எடுக்கும் வேலையை ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகக் குழு செய்து வருகிறது. அவர்கள் கண்டெடுத்த ஒன்று, தன் இரண்டு கைகளாலும் எம் புரதத்தின் இரண்டு வெவ்வேறு இடங்களைப் பிடிக்கிறது. வழக்கமாக இரண்டு கையும் ஒரே வகை இடத்தைத்தான் பிடிக்கும். எலிகளில் பலன் தெரிந்திருக்கிறது. நம் வார்டுக்கு வர நாளாகும்.

பிறகு

இரண்டாம் நாளும் நான்காம் நாளும் மீண்டும் அரங்குக்குக் கொண்டுபோய்ச் செத்த விளிம்புகளை நீக்கினார்கள். மூன்று முறை டயாலிசிஸ். ஏழாம் நாள் சிறுநீர் வரத் தொடங்கியது. செயற்கை மூச்சுக்காகத் தொண்டையில் வைத்த குழாயை எடுத்த அன்று அவர் என் கையைப் பிடித்துக் கேட்ட முதல் கேள்வி, "அம்மணி, கால் இருக்கிறதா கண்ணு?" என்பதுதான். போர்வையை விலக்கி விரல்களைக் காட்டினேன். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டியது 19-ஆம் நாள். 33-ஆம் நாள் வாக்கரைப் பிடித்தபடி வீட்டுக்குப் போனார்.

கிருமி எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்டுக்கொண்டே வந்ததில், பொங்கலுக்கு வந்திருந்த மகள் வயிற்றுப் பேரனுக்கு ஒரு வாரமாகத் தொண்டை வலி என்று தெரிந்தது. ஆறு வயது. அம்முச்சியின் மடியிலேயே தூங்கும் பிள்ளை. தொண்டையில் எடுத்த மாதிரியில் அதே ஏ பிரிவு. இரண்டும் ஒரே வகைதானா என்று மரபணு அளவில் பார்க்கும் வசதி எங்களிடம் இல்லை. பையனுக்குப் பத்து நாள் மருந்து, வீட்டில் உடனிருந்தவர்களுக்கும் தடுப்பு மருந்து கொடுத்தோம். அம்முச்சி செயற்கை மூச்சில் இருந்த நாள்களில் அவன் பள்ளிக்குப் போய் வந்துகொண்டிருந்தான்.

ஏழாவது வாரம் குடும்பமே கலங்கிப்போய் வந்தது. கண் அறுவைக்காக வேறொரு ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்ததில், ஹெபடைடிஸ் பி வைரஸின் உட்கருவுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருப்பதாக அறிக்கை. "உங்கள் மருந்தில் காமாலை வந்துவிட்டதா?" என்று கணவர் கேட்டார். அந்தக் கேள்வியில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. உறைபெட்டியில் வைத்திருந்த பழைய குழாயை எடுத்துச் சோதித்தோம். அதில் அந்த எதிர்ப்பொருள் இல்லை. இப்போது வைரஸின் மேற்புரதமும் இல்லை, வைரஸின் மரபணுவும் இல்லை. வந்திருந்தது வைரஸ் அல்ல, எப்போதோ அந்த வைரஸை வென்ற யாரோ ஒரு கொடையாளரின் எதிர்ப்பொருள். ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு எதிரானதோடு கூடவே வந்துவிட்டது. ஐ.ஜி.ஜி. மூன்று வாரத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறையும், ஆறு மாதத்தில் போய்விடும் என்று சொல்லி, மறுசோதனைக்கு ஒரு தேதி குறித்துக் கொடுத்தேன்.

ஆவணி மாதத்தில் அந்த அறிக்கை வந்தது. எதுவும் இல்லை. மஞ்சள் நடவு முடிந்து அன்று அவர் தானே நடந்து வந்திருந்தார். ஒட்டிய தோலின் மேல் பகுதியில், தையலுக்குத் தப்பிய ஒரு விரல்கடை நீளத்தில், 4.20-க்கு நான் கோடு போட்ட இடத்தைத் தேடிப் பார்த்தேன். கோடு எப்போதோ அழிந்திருந்தது.